சந்தனம் பூசிய டெஸ்ட் பென்

என் கணவர் கனகராஜ் எந்தக் கம்பியையும் நம்பாதவர். சுங்கை சிப்புட் தோட்ட லயத்தில் பிறந்து, தொழிற்பயிற்சி முடித்து, லகாட் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் மின்வேலை பார்த்தார். வீட்டில் ஒரு சுவிட்சை மாற்றுவதென்றாலும், ஓடுகிற ஃபேனைப் பிடுங்கிவிட்டு அதே பிளக் பாயிண்டில் முதலில் மின்சாரம் பார்க்கும் டெஸ்ட் பென்னை வைப்பார். உள்ளே சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பிறகுதான் அணைத்த கம்பியில் வைப்பார். முடிவில் மறுபடியும் பாயிண்டில்.

"பென்னு செத்துருந்தா எல்லாக் கம்பியும் செத்த மாதிரிதான் தெரியும்" என்பார்.

"கல்யாணத்துக்கு முந்தி என்னையும் இப்படித்தான் மூணு தடவ பாக்க வந்தீங்க" என்பேன்.

தொழிற்சாலையில் ஆயுத பூஜை நடந்தபோது அவர் விடுப்பில் இருந்தார். மேற்பார்வையாளன் யுகேந்திரன் எல்லாச் சாமான்களுக்கும் தன் கையாலேயே சந்தனம் வைத்தானாம். இவருடைய பென்னின் நுனியை முழுக்கத் தோய்த்தே எடுத்தானாம். மறுநாள் இவர் வேலைக்குத் திரும்பியபோது ஒரு மோட்டார் நின்றது. இவர் அதன் மூடியைக் கழற்றிக்கொண்டிருக்க, யுகேந்திரன் போய்ச் சுவிட்சை அணைத்தான். அது பக்கத்து மோட்டாருக்கானது. திரும்பி வந்து இவருடைய பென்னை உள்ளே விட்டுப் பார்த்தான். விளக்கு எரியவில்லை.

"செத்துருச்சு லா, கைய வைங்க."

"குடுங்க, நான் ஒரு தடவ பாத்துக்குறேன்."

"என்னை நம்ப மாட்டீங்களாண்ணே? சாமி கும்பிட்ட சாமான் லா!"

முகத்துக்கு நேரே யாரையும் மறுத்துப் பேச இவருக்கு வராது. கையை வைத்தார்.

அருகில் டார்ச் பிடித்து நின்ற சன்னாசி சுடுகாட்டில் இதையெல்லாம் சொன்னார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கக்கா, எனக்குப் புள்ளைங்க இருக்கு."

பதினாறாம் நாள் யுகேந்திரன் வந்தான். மூன்றாவது வடையை மென்றுகொண்டே ஒரு தாளை நீட்டினான். 'ஊழியர் தாமாகவே, சோதிக்காமல் கை வைத்தார்' என்றிருந்தது.

"சைன் வச்சிருங்கக்கா. அண்ணே அவசரப்பட்டுட்டாரு. சாமி கூப்பிட்டுக்கிச்சு."

அவருடைய பொருள்களை ஒரு பையில் போட்டுத் தொழிற்சாலையிலிருந்தே அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து பென்னை எடுத்து வந்தேன். ஓடிய ஃபேனைப் பிடுங்கி, அதே பாயிண்டில் வைத்தேன். விளக்கு எரியவில்லை.

"பழசுக்கா, ரோசாக், கெட்டுப்போச்சு" என்று வாங்கியவன், பேச்சை விடாமலே கட்டைவிரல் நகத்தால் நுனியைச் சுரண்டத் தொடங்கினான். எண்ணெய் பிசுபிசுக்கும் நகம். காய்ந்த சந்தனம் தூளாக அந்தத் தாள்மேல் உதிர்ந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுங்கக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

பந்தியில் உட்கார்ந்திருந்த சன்னாசி இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. யுகேந்திரனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பென்னை வாங்கினேன். நுனியில் மின்சாரம் ஏறவிடாமல் மூடியிருந்த சந்தனம் பாதி இன்னும் ஒட்டியிருந்தது. கையெழுத்துப் போடாத தாளோடு அதை ஓர் உறைக்குள் வைத்திருக்கிறேன். காலையில் ஈப்போ தொழிலாளர் பாதுகாப்பு இலாகாவுக்கு நானே கொண்டுபோகிறேன்.