மீதி முதலாளிக்கு

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்ததும் தலைமையாசிரியர் எனக்குச் சொன்ன முதல் புத்திமதி, "உப்பளத்துப் புள்ளைங்களுக்குக் கணக்கு ஏறாது டீச்சர், ஒடம்பக் கெடுத்துக்காதீங்க" என்பதுதான். கெட்டவர் இல்லை, அலுத்துப் போனவர். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் பாதி வழி நின்றுகொண்டே வருகிறவள் நான். ஏறாத கணக்கைச் சொல்லிக்கொடுக்கவா இந்தப் பாடு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. சேர்ந்த புதிது என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மழை பிடித்தால்தான் அந்த வகுப்பு நிறையும். பொங்கலை ஒட்டி, பாத்திகளில் சேறு வாரக் குடும்பத்தோடு இறங்கிவிடுவார்கள். பிறகு அடுத்த மழை வரை உப்புதான். அம்மாக்கள் கூடை சுமப்பார்கள், பிள்ளைகள் குடிதண்ணீர் தூக்குவார்கள், கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். ஐப்பசியில் பாத்தியெல்லாம் குளமான பிறகு, வேறு போக்கில்லாமல் பள்ளிக்கூடம் வருவார்கள். அவர்கள் வந்து உட்காரும்போது புத்தகம் பெருக்கலில் நிற்கும். வகுத்தல் வருவது பொங்கலுக்குப் பிறகு. அதாவது, மூன்றாம் வகுப்பிலும் சரி, நான்காம் வகுப்பிலும் சரி, வகுத்தல் பாடம் நடக்கும்போது அந்தப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருந்ததில்லை. ஏறாது என்று சொன்னவர்கள் யாரும் ஏற்றிப் பார்த்ததே கிடையாது. இது என் மண்டையில் உறைக்கவே ஒரு முழு வருஷம் ஆனது.

சுனாமிக்கு அடுத்த வருஷ மழையில் புத்தகத்தைப் புரட்டிப் போட்டேன். பெருக்கலை வாய்ப்பாடு அளவில் வைத்துக்கொண்டு நேராக வகுத்தலுக்குப் போனேன். மழையென்றால் அப்படியொரு மழை. கூரை ஒழுகாத மூலையில் எல்லோரையும் நெருக்கி உட்காரவைத்து, கிளிஞ்சல்களைக் குவித்துப் பங்கு போடச் சொன்னேன். பங்கு போடுவது அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. தீபாவளி கழிந்து சில நாளிலேயே பாதிப் பேர் சிலேட்டில் வகுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதில் ஒருத்தி எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். ஒல்லிப்பிச்சான், வாயாடி. நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் "முடிச்சிட்டேன் டீச்சர்" என்று சிலேட்டைத் தூக்கிக் காட்டுவாள். ஆனால் ஒரு விநோதம். இருபத்தொன்பதை நாலால் வகு என்றால் ஈவு ஏழு என்று சரியாகப் போடுவாள். அடியில் மீந்து நிற்கும் ஒன்றை மட்டும் விரலால் தேய்த்து அழித்துவிடுவாள்.

"மீதி எங்கடி?" என்றேன்.

"அது முதலாளிக்கு டீச்சர்."

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பிறகு அவளே விளக்கினாள். அவள் அம்மா வேலை செய்யும் அளத்தில் பெண்கள் ஒரு செட்டாகச் சேர்ந்து சுமப்பார்கள். கூலி கூடைக் கணக்கில் என்பதால், வேலை முடிந்ததும் சுமந்த மொத்தக் கூடையைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பார்கள். சமமாகப் பிரியாமல் மீந்தது யார் பேரிலும் ஏறாது, முதலாளியோடு போய்விடும். இதில் யாருக்கும் வருத்தம்கூட இல்லை, அது அப்படித்தான். பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். "இங்க முதலாளி கிடையாது. மீந்தத எழுதணும். எழுதலன்னா கணக்கு தப்பு" என்றேன். மழை விடுவதற்குள் அவளும் எழுதப் பழகிவிட்டாள்.

கடலோரப் பெண்பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து சாப்பாட்டோடு ஹாஸ்டலில் இலவச இடம் தருவதாகத் திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளியில் அப்போது அறிவித்திருந்தார்கள். மே மாதம் ஒரு சின்னப் பரீட்சை. அவள் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். உப்பில் வெடித்த காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எடம் கெடச்சா அனுப்புறேங்க. கெடைக்கலன்னா எங்கூட அளத்துக்கு வரட்டும். வயசுக்கு வர்ற புள்ளைய வூட்ல தனியா வுட்டுட்டு நான் எப்படிங்க போறது?" ஞாயமான பேச்சு. பரீட்சையில் தேறினால் பள்ளிக்கூடம், இல்லையென்றால் உப்பு. அவளுக்கும் அது தெரியும்.

பொங்கல் முடிந்து அவள் அளத்துக்குப் போய்விட்டாள். மாசியில் ஒருநாள் அந்த அம்மாவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க செட்டுக்கு இப்ப எம்பொண்ணுதாங்க பங்கு போடுறா. கட்டாந்தரையில குச்சியால போட்டு டக்குனு சொல்லிடுறா. ஒருத்தருக்கும் சண்டயே இல்ல." எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைமையாசிரியரிடம் வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன், யாருக்கு ஏறாதென்று சொன்னீர்கள் என்று. அவரும் சிரித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் வராமலே பாடம் மறக்காமல் இருக்கிறதே என்று அல்லாவுக்கு நன்றி சொன்னேன்.

மே மாதம் அந்த அம்மாவுக்குக் கூலியை விட்டுவர முடியவில்லை. பரீட்சைக்கு அவளை நானே கூட்டிப் போனேன். பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். ஹாஸ்டலில் தினமும் குழம்பு உண்டா, கட்டில் உண்டா, தங்கச்சி வந்து பார்க்கலாமா. உள்ளே போனவள் மற்ற பிள்ளைகளுக்கு முன்பாகவே எழுதி முடித்துவிட்டு வந்தாள். "எல்லாம் ஈஸி டீச்சர்."

சற்று நேரத்தில் வார்டன் அம்மா என்னை உள்ளே அழைத்தார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். வகுத்தல் கணக்குகள் அத்தனையிலும் ஈவு சரி. ஒன்றிலும் மீதி இல்லை. எழுதாமல் விட்டிருக்கவில்லை, எழுதி அழித்திருந்தாள். விரலால் தேய்த்த இடங்களில் தாள் கறுத்து நைந்து போயிருந்தது.

வார்டன் அவளையும் கூப்பிட்டார். "மீதியெல்லாம் எங்கம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது. ஆனாலும் வாயில் அதுதான் வந்தது. "முதலாளிக்குங்க."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தினமும் அளத்தில் அவள் பங்கு போட்டிருக்கிறாள், தினமும் மீதியை அழித்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்த கணக்கை வைத்தே உப்பளம் அவளுக்குத் தன் பாடத்தை ஏற்றிவிட்டது. இதை நான் வார்டனிடம் சொன்னேன், கெஞ்சினேன், கடைசியில் குரலை உயர்த்தியும் பார்த்தேன். "புரியுதுங்க டீச்சர். ஆனா இருக்குற எடத்துக்கு மேல புள்ளைங்க வந்திருக்காங்களே, நான் மார்க்கைத்தானே பாக்க முடியும்" என்றார். அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் விரல் நுனியில் ஒட்டியிருந்த கறுப்பைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே வந்தாள். மரக்காணத்தில் இறங்கியதும், "நீங்க போங்க டீச்சர், நான் அப்டியே அளத்துக்குப் போயிடுறேன்" என்றாள்.

ஜூனில் அவள் பெயர் எந்த வகுப்பிலும் இல்லை. தலைமையாசிரியர் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அடுத்த ஐப்பசி மழையில் அவள் வந்தாள், மூன்றாம் வகுப்புத் தங்கையைக் கொண்டுவந்து விட. அந்த வருஷம் மூன்றாம் வகுப்பும் என் பொறுப்பில்தான் இருந்தது. கை விரல்களெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தன. வேலை இல்லாத நாள்தானே, உள்ளே வந்து உட்காரு என்றேன். தயங்கித் தயங்கிக் கடைசி வரிசையில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கை எழுதினேன். மழைச் சத்தத்துக்கு நடுவே பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "அழிக்காதடி. அத எழுது. அழிச்சா சேத்துக்க மாட்டாங்க."