மல்லாட்டைப் பூ ஸ்டிக்கர்

பானுப்ரியாவைக் கோபக்காரி என்று யாரும் சொன்னதில்லை. சத்தம் போட்டால்தானே சொல்வதற்கு? விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டுவது அவள் வேலை. காலையில் தன் ஊர் கெடாரில் பஸ் ஏறுவதற்கு முன், வீட்டு மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு, போனில் சின்ன லென்ஸை மாட்டிப் பூக்களைக் கிட்டத்தில் எடுப்பாள். அந்த அரைமணி நேரம்தான் அவளுக்கென்று இருந்தது.

திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சீனுவாசன், செடி கொடிகளைக் கிட்டத்தில் எடுப்பவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினார். குழுவின் முகப்பில் அவரே ஒரு விதி எழுதி வைத்திருந்தார்: முதலில் நல்லதைச் சொல்லுங்கள், பிறகு குறையை, பிறகு திருத்தும் வழியை.

சேர்ந்த புதிதில் பானு ஒரு மல்லாட்டைப் பூவைப் போட்டாள். கை ஆடியிருந்தது, படம் மங்கல். சீனுவாசன் குரல் பதிவில் சிரித்தார். "என்னாம்மா இது, கொல்லையில போனு கீழ வுழுந்துடுச்சா?" அதோடு விட்டிருந்தால் அவளும் மறந்திருப்பாள். மனுஷன் அந்தப் பூவை வெட்டி ஸ்டிக்கராக்கிவிட்டார். அன்று முதல் யார் மங்கலாக எடுத்துப் போட்டாலும் அதன் கீழே அவள் பூ வந்து விழும், கூடவே நாலு சிரிப்பு. மூன்று வருஷம் அது ஓடியது. ஒவ்வொரு முறையும் அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆனால் குழுவை விட்டு அவள் போகவில்லை. படம் எடுக்கக் கற்றாள். அடுத்தவர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, அந்த விதிப்படியே நல்லது, குறை, வழி என்று பொறுமையாக எழுதினாள். போகப் போக, படம் போட்டவர்கள் அவள் வார்த்தைக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். அவளும் காத்திருந்தாள், வேறொன்றுக்காக.

அது இந்த வருஷம் வந்தது. விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் படக் கண்காட்சி, போட்டியும் உண்டு. அதற்காகச் சீனுவாசன் எருக்கம்பூவில் ஏறும் எறும்பு ஒன்றை எடுத்துக் குழுவில் போட்டார். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். பானுவுக்குத் தனியாகவும் அனுப்பினார். "ஆளு உசரத்துக்குப் பிரிண்ட் போடப் போறேன்மா. நீ பார்த்து சொல்லு. உன் கண்ணு தப்பாது."

அவள் இரண்டு விரலால் படத்தை விரித்தாள். எறும்பின் தலை மங்கல். பின்னால் இருந்த இலையின் நரம்புதான் கத்தி மாதிரி தெளிவாக இருந்தது. போன் திரையில் அது யாருக்கும் தெரியாது, ஆள் உயரத்தில் குருடனுக்கும் தெரியும். இன்னொரு படம் எடுக்க நாளும் இருந்தது.

"சூப்பர்ண்ணா" என்று அனுப்பினாள். அன்றைக்குச் சோறு ருசியாக இறங்கியது.

கண்காட்சியில் அந்தப் படத்தை நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டியிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த நடுவர் அதன் முன் நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "எறும்பு ஒரு பக்கம், ஃபோகஸ் ஒரு பக்கம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சீனுவாசன் காது சிவந்துவிட்டது. பானுவுக்கு இனிக்கவில்லை என்றால் அது பொய்.

கூட்டம் நகர்ந்ததும் அவர் அவளிடம் வந்தார். "நீ சொன்னப்புறந்தான் பிரிண்டுக்கே குடுத்தேன். நல்லாப் பார்த்துட்டுத்தான சொன்ன?"

"நல்லாப் பார்த்தேண்ணா." அவள் படத்தருகே போய் விரலை நீட்டினாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. "வெளிச்சம் அருமையா வுழுந்துகினு இருக்கு, பூவோட நிறம் கெடல. ஆனா காத்துல செடி ஆடிடுச்சு, ஃபோகஸ் பின்னால எலைக்குப் போயிடுச்சு. காம்ப ஒரு குச்சியில கட்டிட்டு, ஃபோகஸ எறும்பு தலையில வச்சு நாலஞ்சு எடுத்திருந்தா ஒண்ணாவது தேறியிருக்கும்."

நல்லது, குறை, வழி. அவருடைய விதியில் ஓர் எழுத்துகூட அவள் மீறவில்லை.

"இவ்ளோ தெரிஞ்சிகினு ஏம்மா அன்னிக்கே சொல்லல? அசிங்கமாப் போச்சே."

பானு போனை எடுத்து ஒரே ஒரு தட்டு தட்டினாள். அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார். மல்லாட்டைப் பூ. பழக்கத்தில் அவர் வாய் சிரிக்கப் போனது, பாதியில் நின்றது.

"இது..." பூவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உன்னுதா?"

மறந்தே போயிருக்கிறார். மூன்று வருஷம் அவள் சுமந்ததை அந்த மனுஷன் ஒரு நாளும் நினைக்கவில்லை. இனிப்பெல்லாம் அவள் நாக்கில் கசந்தது.

"என்னுதுதாண்ணா" என்றாள். "அதுல என்னா நல்லதுன்னு இப்பவாவது சொல்லுங்க."

அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அங்கேயே காத்திருந்தாள்.