காப்புக் கையோடு ஒரு மலைச் சுற்று

பூவிழி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது எஸ்டேட் ஆபீஸில். நான் அங்கே கிராணியாக, கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, சேர்ந்த முதல் வாரம் அது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அங்கியும் தொப்பியுமாக எடுத்த படத்தை அம்மா சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லிவிடலாம் என்ற தெம்போடுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கொழுந்து வெட்டும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். சேறு படிந்த பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, சாக்ஸ் காலோடு உள்ளே வந்து நின்றார்.

"நீங்கதான் புது கிராணியா? டிகிரியெல்லாம் படிச்சவராமே?"

"ஆமாக்கா. சொல்லுங்க."

"உங்க படிப்புல ரோட்டுச் சட்டம் சொல்லித் தந்தாங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே படிச்சிக்கலாம்லா" என்று சொல்லி, மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்கான சட்டப் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

அக்காவுக்குப் பதினைந்து வருடமாக மோட்டார் ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்டியதெல்லாம் தோட்டத்துக்குள்தான். எஸ்டேட் பாதை கம்பெனியின் சொந்தப் பாதை. அங்கே யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். கேட் வரைக்கும் மோட்டார், கேட்டைத் தாண்டினால் பஸ். அக்காவின் மோட்டார் அதுவரை ஒருமுறைகூட அந்த கேட்டைத் தாண்டியதில்லை.

"இப்ப எதுக்குக்கா திடீர்னு லைசென்ஸ்?"

ஜன்னல் வழியே கை காட்டினார். மழை விட்டிருந்த காலை. தேயிலைக்கு மேலே கிளந்தான் பக்கத்து மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகத் தெரிந்தன.

"மேல் டிவிஷன்ல நின்னா தினமும் அதுங்க மூஞ்சியிலதான் முழிக்கிறேன். அதுங்களுக்குப் பின்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒருதடவை சுத்தி வந்துடணும் தம்பி."

சட்டத் தேர்வில் இரண்டாம் முறை தேறினார். ஓட்டும் தேர்வில்தான் மாட்டிக்கொண்டார். ஒரு திருப்பத்திலும் சிக்னல் போடவில்லை. ஆனால் எல்லா வளைவிலும் ஹார்ன் அடித்தார். எங்கள் தோட்டத்துப் பழக்கம் அது. வளைவுக்கு அப்பால் கொழுந்து லாரி வருமே! அதிகாரி, "ஏன் சிக்னல் போடவில்லை?" என்று மலாயில் கேட்டிருக்கிறார். "தோட்டத்துல யாருக்குப் போட்டுக் காட்டுறது, கொழுந்துக்கா?" என்று அக்காவும் மலாயிலேயே கேட்டுவிட்டு, ஃபெயில் ஆகி வந்தார்.

அன்று மாலையே கோயிலுக்குப் போய், லைசென்ஸ் கிடைத்தால் வரும் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். அடுத்த தேர்வில் லைசென்ஸ் வந்துவிட்டது.

பிறகு பயணத் திட்டம் தொடங்கியது. கூட வருவதற்குத் தனுஜா முதலிலேயே கை தூக்கினார். கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இருவர் பிடிக்க வேண்டும். ஒரு கைப்பிடி பூவிழி அக்காவுடையது, மறு கைப்பிடி தனுஜாவுடையது. வருடக்கணக்காக ஒரே வரிசையின் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் நடந்தவர்கள். தனுஜாவிடமும் லைசென்ஸும் ஒரு பழைய மோட்டாரும் இருந்தன. இருவரும் ஒன்றாக லீவு போட்டால் இயந்திரம் சும்மா கிடக்கும். அவர்கள் குறித்திருந்த பங்குனியோ புதுத் துளிர் பொங்கும் காலம். தோட்ட மேலாளரான துரை முகத்தைச் சுளித்தார். அக்கா விடவில்லை, முந்தைய இரண்டு ஞாயிறும் வேலைக்கு வந்து ஈடு செய்வதாகச் சொல்லி ஒரு திங்கட்கிழமையை வாங்கிவிட்டார்.

கைப்பேசியில் வரைபடத்தை நான் இறக்கிக் கொடுத்தேன். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. ஞாயிறு விடியலில் கம்போங் ராஜாவில் எண்ணெய் நிரப்பி, லோஜிங் வழியாக மலை இறங்கி குவா மூசாங்கில் இரவு தங்குவது. மறுநாள் தெற்கே கோலா லிப்பிஸ் பக்கம் போய், சுங்கை கோயான் வழியாக ரிங்லெட் ஏறி, பிரிஞ்சாங் தாண்டி வீடு வந்து சேர்வது. மலையைச் சுற்றி முழு வட்டம்.

லயத்தில் கிண்டலுக்குக் குறைவில்லை. அக்காவின் கணவர் குகனேஸ்வரன் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். "நீ உலகத்தைச் சுத்திட்டு வா. நான் ரெண்டு நாளைக்குச் சேர்த்து சாம்பார் வச்சிடுறேன்" என்றார். ஆனால் இரண்டு மோட்டார்களின் சங்கிலிக்கும் எண்ணெய் விட்டது அவர்தான்.

சிக்கல் கோயிலிலிருந்து வந்தது. வழக்கமாகச் சித்திரையில் நடக்கும் திருவிழாவை, வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் வரட்டும் என்று பங்குனி விடுமுறைக்கே மாற்றிவிட்டார்கள். தேதி முடிவான கூட்டத்துக்கு அக்கா போகவில்லை. மோட்டாருக்கு டயர் மாற்ற எஸ்டேட் பட்டறைக்குப் போயிருந்தார். ஒலிபெருக்கியில் அறிவித்தபோதுதான் தெரிந்தது: சனிக்கிழமை மாலை காப்புக் கட்டு. மறுநாள் பயணம்.

மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும் வரை தோட்ட எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. வெளியே எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. தினமும் மாலை விளக்குப் பூசைக்குக் கோயிலில் நிற்க வேண்டும். தீச்சட்டி எடுப்பவர்களின் வரிசையில் அக்கா பெயர்தான் முதலில் வாசிக்கப்பட்டது.

கோயில் தலைவர் ராதாகிருஷ்ணன் ஐயாவைப் பார்க்க அக்கா போனபோது நானும் உடன் போனேன்.

"என்னம்மா, மோட்டார் பயணமெல்லாம் அடுத்த வருசம் வச்சிக்கலாமே. மலை எங்கயும் ஓடிடாது."

"மலை ஓடாதுங்கய்யா. நான் நின்னுடுவேன். பதினஞ்சு வருசமா அடுத்த வருசம், அடுத்த வருசம்னுதான் நின்னுட்டேன்."

"அப்ப தீச்சட்டிய அடுத்த வருசம் எடு."

"அம்மாவுக்குச் சொன்ன வாக்கையா தள்ளி வைக்கச் சொல்றீங்க?" அக்காவின் குரல் உயரவில்லை. "காப்புக் கட்டுனா வெளிய தங்கக் கூடாது. சரி, தங்க மாட்டேன். வெளிய போகவே கூடாதுன்னு இருக்கா?"

ஐயா தாடையைத் தடவினார். "அப்படி இல்ல."

"விடியறப்ப கிளம்பி, விளக்கு வைக்கிறதுக்குள்ள கேட்டுக்குள்ள வந்துடுறேன்."

"முழுசா சுத்தியா? ஒரே நாள்லயா? பைத்தியமா உனக்கு?" பிறகு விரலை நீட்டிச் சொன்னார்: "இங்க பாரு பூவிழி. விளக்கு வைக்கிறப்ப நீ இந்த எடத்துல இல்லன்னா உன் பேரை எடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

"அழ மாட்டேன். வந்துடுவேன்."

திட்டம் அன்றைக்கே மாறியது. தங்குமிடத்தை ரத்து செய்தோம். துரையிடம் வாங்கிய திங்கட்கிழமை லீவை அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டார். வழியில் கடைகளில் சாப்பிட முடியாது என்பதால் புளிச்சோறும் தண்ணீரும் கட்டிக்கொள்ள ஏற்பாடு. லோஜிங் வரை போய் அதே வழியில் திரும்பிவிடலாம் என்றார் தனுஜா. "போன வழியிலேயே வந்தா அது டவுனுக்குப் போற மாதிரிதான்டி" என்று அக்கா மறுத்துவிட்டார்.

எனக்கு வேறொரு யோசனை தோன்றியது. பள்ளி விடுமுறையில், பிரிஞ்சாங்கை அடுத்த கியா பார்ம் சந்தைப் பக்கம் மாலையில் கார்கள் அசையவே அசையாது. அதனால் காலையிலேயே பிரிஞ்சாங், ரிங்லெட் வழியாக இறங்கி, லோஜிங் வழியாக ஏறினால் நெரிசலுக்குத் தப்பிவிடலாம். வரைபடத்தில் விரலால் இழுத்துக் காட்டினேன்.

அக்கா என் விரலையே பார்த்தார். "தம்பி, அப்படிப் போனா மலை எந்தக் கைப்பக்கம் வரும்?"

"இடது கை."

"காப்புக் கட்டிக்கிட்டு எடமா சுத்தச் சொல்றீங்களா? சாமிய அப்படியா சுத்துவீங்க?"

தனுஜா சிரித்துவிட்டார். "அக்கா, அது கோயில் இல்ல, ரோடு."

"உனக்கு ரோடு. நான் வலமாத்தான் போவேன்."

வலமாகத்தான் போனார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து குகனேஸ்வரன் அண்ணன் வழியனுப்பினார். மணிக்கட்டில் மஞ்சள் காப்புத் தெரிய, ஞாயிறு விடியலில் அந்த மோட்டார் கேட்டைத் தாண்டியது. காவல் கூண்டில் இருந்தவர் எழுந்து நின்று பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை இருவரும் மாறி மாறிச் சொல்லித்தான் கேட்டேன். லோஜிங்கில் மேகம் சாலைக்குக் கீழே கிடந்ததாம். யானை கடக்கும் இடம் என்று பலகை இருந்த ஒவ்வொரு வளைவிலும் அக்கா ஹார்ன் அடித்தாராம். "யானை வர்றதா இருந்தாக்கூட இந்தச் சத்தத்துக்கு வராது" என்றார் தனுஜா. குவா மூசாங்கில் வானத்தைப் பார்த்து நின்ற சுண்ணாம்புக் குன்றைப் பார்த்ததும் அக்கா மோட்டாரை ஓரம் கட்டினார். இறங்கி நின்று, தாங்கள் வந்த மலைகளைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பக்கத்துலயிருந்து பார்த்தா நம்ம மலையும் நீலமாத்தான்டி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

சுங்கை கோயான் நெருங்கும்போது தனுஜாவின் மோட்டார் சங்கிலி அறுந்துவிட்டது. அங்கிருந்த மலாய்க்காரர் பட்டறையில் அந்த அளவுச் சங்கிலி இல்லை. மறுநாள்தான் வரும் என்றார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

"அக்கா, நீ போ. நான் காப்புக் கட்டலையே. யார் வீட்டுலயாவது தங்கிட்டு நாளைக்கு வர்றேன். உன் பேரை எடுத்துடுவாங்க" என்றார் தனுஜா.

"எடுத்தா எடுக்கட்டும். ஒரு கைப்பிடிய விட்டுட்டு நான் என்னைக்குடி மெஷின் தூக்கியிருக்கேன்? ஏறு பின்னால."

பழைய மோட்டாரைப் பட்டறையில் விட்டுவிட்டு, இருவரையும் சுமந்துகொண்டு அந்தச் சின்ன மோட்டார் ரிங்லெட் ஏற்றத்தில் முனகி முனகி ஏறியது. பிரிஞ்சாங் தாண்டியதும் நான் பயந்ததுதான் நடந்தது. கியா பார்மில் சுற்றுலாப் பஸ் இரண்டு எதிரெதிரே சிக்கிக்கொண்டு, மோட்டார் நுழையவும் இடமில்லை. ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்கள் சாலை நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப சொல்லு, வலமா வந்தது நல்லதா?" என்று பின்னாலிருந்து தனுஜா கேட்டாராம்.

"வாய மூடிக்கிட்டு உங்க மாமா மகனுக்குப் போன் போடு."

மாமா மகன் புனிதன் அங்கே ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறார். முதலாளியிடம் கேட்டுத் தோட்டத்துக் கதவைத் திறந்துவிட்டார். பிளாஸ்டிக் கூரைகளுக்கு நடுவே, முட்டைக்கோஸ் ஏற்றும் லாரி மட்டும் போகும் சேற்றுப் பாதை அது. லைசென்ஸ் தேர்வில் அக்காவைக் கவிழ்த்த தோட்டத்துப் பழக்கமெல்லாம் அங்கே கைகொடுத்தது. நெரிசலுக்கு அப்பால் மறுபடி சாலையில் ஏறினார்கள்.

இங்கே கோயிலில் எல்லாரும் கூடிவிட்டோம். மேளக்காரர்கள் தோலைச் சூடு காட்டி முடித்தார்கள். அக்காவின் இடம் காலியாக இருந்தது. குகனேஸ்வரன் அண்ணன் தூணைப் பிடித்தபடி கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ராதாகிருஷ்ணன் ஐயா தீப்பெட்டியைக் கையில் எடுத்தார்.

அப்போது கீழ்ப்பாதையில் ஒரு ஹார்ன் சத்தம். சற்றுக் கழித்து, அடுத்த வளைவில் இன்னொன்று. மூன்றாவது வளைவிலும். எங்கள் லயத்தில் அது யாரென்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஐயா ஒரு குச்சியை உரசினார், பற்றவில்லை. இன்னொன்றை எடுத்தார், அதுவும் பற்றவில்லை. "தீப்பெட்டி நமத்துப் போச்சு போல" என்றார், யாரையும் பார்க்காமல். என் சட்டைப்பையில் லைட்டர் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், முழங்கால் வரை சேற்றோடு பூவிழி அக்கா ஓடி வந்தார். குழாயில் கால் கழுவிவிட்டுத் தன் இடத்தில் வந்து நின்றார். ஐயாவின் தீப்பெட்டி அடுத்த குச்சியிலேயே பற்றிக்கொண்டது.

"சுத்திட்டியா?" என்று தட்டை நீட்டியபடி மெதுவாகக் கேட்டார்.

"சுத்திட்டேன்யா. வலமா."

"ஹெல்மெட்டக் கழட்டுமா, திருநீறு எங்க வைக்கிறது?"

அடுத்த ஞாயிறு அக்கா தீச்சட்டி எடுத்தார். தனுஜாவின் மோட்டார் எஸ்டேட் லாரியில் ஏறித் திரும்பி வந்தது.

இப்போது பூவிழி அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. மேல் டிவிஷனில் அதே இயந்திரத்தின் இடது கைப்பிடி அவருடையது, வலது கைப்பிடி தனுஜாவுடையது. சாமான் வாங்கக் கம்போங் ராஜாவுக்கு மோட்டாரில்தான் போகிறார். திருவிழாத் தேதி பேசும் கூட்டம் ஒன்றையும் இப்போதெல்லாம் அவர் தவறவிடுவதில்லை.