டாக்டர் லெகிசாமோனுக்கு மாத்தே இல்லை

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு டாக்டர் லெகிசாமோன் என்னிடம் தொலைபேசியில் பேசினார்.

"நெலிதாவுக்கு வகுப்புல மயக்கம் வந்துருச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். கொஞ்சம் கவலைக்கிடம்தான். பதறாதீங்க, மெதுவா வாங்க."

மெதுவாகத்தான் போனேன். மழையில் பேருந்துக்குக் காத்து நின்றேன். அவர் என்னைக் கூப்பிடும் முன்பே அவள் உயிர் போய்விட்டதாக ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னாள். அப்போது அவர் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தாராம்.

கவலைக்கிடம். அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல.

நெலிதா எத்செவெர்ரி என் கணவர் அதெமாரின் தங்கை. ஒரு காலத்தில் அவர்கள் இருவரும் லெகிசாமோனும் ஆப்பிரிக்காவில் ஓர் அமைதிப்படையில் வேலை பார்த்தார்கள். அதெமார் ஆற்றங்கரைக் காவல் முகாமில் சார்ஜன்ட். நெலிதா தலைமை முகாமில் ரேடியோ இயக்குபவள். களத்திலிருந்து வருவதைச் சுருக்கி மேலிடத்துக்கு எழுதும் கொள்கை அதிகாரி லெகிசாமோன்; டாக்டர் என்பது படித்து வாங்கிய பட்டம், அவர் மருத்துவரல்ல. ஒரு நாள் மாலை அதெமார் ரேடியோவில், "இன்னைக்கு ராத்திரியே அடிக்கப் போறாங்க, எங்களை இங்கேருந்து எடுத்துடுங்க" என்றார். நெலிதா ஓடிப்போய் அதை அப்படியே லெகிசாமோனிடம் சொன்னாள். மேலே போன அறிக்கையில் 'வரும் நாட்களில் நிலைமை கவலைக்கிடமாகலாம்' என்றிருந்தது. ஹெலிகாப்டர் மறுநாள் போய்ப் பிணங்களை எடுத்து வந்தது.

விசாரணையில் அவர், 'இன்றிரவு' என்ற வார்த்தை தன்னிடம் வந்து சேரவே இல்லை, ரேடியோவில் இருந்த பெண்ணின் காதில் விழாமல் போயிருக்கலாம் என்றார். விசாரணை அதோடு முடிந்தது.

பிறகு அவர் எங்கள் தலைநகர் மொந்தேவிதேயோவில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு இயக்குநரானார். கண்டம் முழுவதிலிருந்தும் இளம் தூதரக அதிகாரிகளும் மேஜர்களும் தொண்டு நிறுவனத்தாரும் அமைதி, பாதுகாப்புக் கொள்கை படிக்க அங்கே வருவார்கள். நெலிதா அந்தப் பள்ளியிலேயே வேலை கேட்டு வாங்கினாள்.

"ஏன்டி, உலகத்துல வேற இடமே இல்லையா?" என்றேன்.

"அவர் கண்ணுல படணும் அண்ணி. தெனமும் படணும்."

களச்செய்தியை அறிக்கையாக எழுதும் பாடம் அவளுடையது. மைதானத்தில் ஒரு போலிக் கிராமம் அமைப்பாள். அகதியாக நடிக்க நான் போவேன். கரகரக்கும் ரேடியோவில் அவள் ஒரு வாக்கியம் சொல்ல, மாணவர்கள் எழுதுவார்கள். எவனாவது காலத்தைக் குறிக்கும் சொல்லை மழுப்பிவிட்டால் என்னைக் காட்டுவாள். "தம்பி, நீங்க எழுதின அழகுல இந்தம்மா செத்துட்டாங்க. அண்ணி, படுங்க." நான் புல்லில் படுப்பேன். அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

இடைவேளையில் மாத்தே, எங்கள் ஊர் இலைப்பானம். அதுவும் அவள் கையால்தான். ஒரே சுரைக்குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல், வெந்நீர் ஊற்றி ஊற்றி வட்டமாகச் சுற்றி வரும். லெகிசாமோனும் வட்டத்தில் உட்காருவார். அவரைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுப்பாள். எங்கள் நாட்டில் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் செய்ய முடியாது. எழுந்து போனால் காரணம் கேட்பார்களே என்று ஒவ்வொரு முறையும் அவர் உட்கார்ந்தே இருப்பார்.

ஒருமுறை பராகுவேக்கார மேஜர் ஒருவர் பொறுக்காமல் கேட்டுவிட்டார். "டீச்சர், எங்க ஊர்ல எதிரிக்குக்கூட ஒரு வாய் குடுப்போம்."

"வேணுமான்னு கேட்டேன்பா. டாக்டர் காதுல விழலை. லைன் சரியில்லை போல."

என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்: "இந்தப் பசங்க முன்னாடி அவர் வாயால அந்த ஒரு வார்த்தையைச் சொல்லட்டும். என் காதுல விழுந்துச்சு, அறிக்கையிலேருந்து நான்தான் எடுத்தேன்னு சொல்லட்டும். அன்னைக்கு முதல் குடுக்கை அவருக்குத்தான்."

அவர் சொல்லவில்லை. அவள் போய்விட்டாள்.

உடலை வைத்திருந்த மண்டபத்துக்கு மாணவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவளுடைய பழைய குடுக்கையை எடுத்து நான் மாத்தே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லெகிசாமோன் வந்து வட்டத்தில் உட்கார்ந்தார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"டாக்டர், நீங்க எனக்குப் போன் பண்ணப்போ அவ உயிரோட இருந்தாளா?"

"உங்களைப் பதற வைக்க வேண்டாம்னுதாம்மா..."

"நான் அதைக் கேக்கலை. இருந்தாளா?"

"இல்லை."

"அப்ப அதெமாருக்கும் இதானே? மேல இருக்கறவங்க பதறக் கூடாதுன்னு?"

யாரோ குழலை உறிஞ்சும் சத்தம் நின்றது. அவர் சவப்பெட்டியைப் பார்த்தார், பிறகு மாணவர்களை. தப்பிக்க வழி தேடினார் என்றுதான் நினைத்தேன், கிடைத்திருந்தால் போயிருப்பார்.

"இன்றிரவுன்னுதான் சொன்னா," என்றார். "தெளிவாச் சொன்னா. நான்தான் எடுத்தேன். அப்படி எழுதினா அப்பவே ஹெலிகாப்டர் அனுப்பணும். இல்லாத ஆபத்துக்கு அனுப்ப வெச்சான்னு பேர் வந்துருமோன்னு பயந்தேன்."

கடைசி வரிசையில் ஒரு பெண், "ஐயோ, டீச்சர்," என்றாள். அவரைப் பார்த்தல்ல, பெட்டியைப் பார்த்து.

நான் அடுத்த குடுக்கையை நிரப்பினேன். லெகிசாமோன் கையை நீட்டினார். எனக்கு இரக்கம் வரவில்லை. வாக்குக் கொடுத்தது நெலிதா, நானல்ல.

"எனக்கும் ஒரு வாய் குடுங்கம்மா."

"காதுல விழலை, டாக்டர்" என்று சொல்லி, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தேன்.

அடுத்து வரவிருந்த மாணவர்களுக்காக அவள் புதுச் சுரைக்குடுக்கை ஒன்று வாங்கியிருந்தாள். பழக்குவதற்காக ஈர இலையை அடைத்து அடுப்படி ஜன்னலில் வைத்திருக்கிறாள். மறுநாள் கரண்டியால் உள்ளே சுரண்டிக் கழுவியிருக்க வேண்டும். இன்னும் சுரண்டவில்லை.