முய்முய் எத்தனை?

பெரு நாட்டில் எங்கள் கரையில் மணல் நண்டின் பெயர் 'முய்முய்'. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் 'ரொம்ப ரொம்ப'. அதைத் தோண்டித் தூண்டில் இரையாக விற்றுப் பிழைப்பவள் எடெல்மிரா.

மலையூரிலிருந்து மாற்றலாகி வந்த மீன்வள அதிகாரி அவளைக் கேட்டார்: "போன வருஷம் இங்க என்ன கிடைச்சுது?"

"முய்முய்."

'ரொம்ப ரொம்ப' என்று எழுதிக்கொண்டவர், அலை விலகிய மேட்டு மணலைத் தோண்டினார். மூன்றே நண்டு.

"அழிஞ்சுபோச்சு. இனிமே யாரும் தோண்டக் கூடாது" என்று தடை எழுதினார்.

"ஐயா, நான் சொன்னது பேரு. அதுங்க அலை கூடவே கீழ இறங்கிடும். நீங்க காலி வீட்டுல போய் ஆளை எண்ணுறீங்க."

அவரை இழுத்துப்போய் நுரையில் நிறுத்தினாள். அவர் சப்பாத்தைச் சுற்றி மணலே நெளிந்தது. ஒரு கை அள்ளினாள், பதினேழு.

"இப்ப எழுதுங்க ஐயா. பேருக்கும் கணக்குக்கும் ஒரே சொல்லுதான்."

அவர் எழுதிய தடையைக் கோடு போட்டு அடித்தார்.