முதல் அத்தியாயத்திலேயே சாகும் நர்ஸ்

நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்த பத்து நிமிட மழையில்தான் அந்த யோசனை வந்தது. புது ரெயின்கோட், ஆனாலும் இடது தோளில் சில்லென்று ஈரம். துணியில் ஓட்டை இல்லை. தையல் வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று தோன்றியது: கொரோனா காலம், ஒரு நர்ஸ், அவள் மாட்டியிருக்கும் கவச உடை. அதன் தையலை மட்டும் யாரோ வேண்டுமென்றே கெடுத்திருந்தால்? கத்தி இல்லை, விஷம் இல்லை, கைரேகை இல்லை. அன்று மாலைக்குள் முதல் அத்தியாயத்தைப் போனிலேயே எழுதி, நர்ஸைக் கொன்றும் விட்டேன்.

விவரம் கேட்க நான் வெளியே போக வேண்டியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அம்மா வேலை பார்த்த சட்டை கம்பெனி, ஊரடங்கின்போது கவச உடைதான் தைத்தது. தையல் மேல் சூடான காற்றால் டேப் ஒட்டும் மெஷினில் அம்மா இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் கதையைச் சொன்னேன்.

"கொல பண்றது ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பள. கம்பெனி சூப்பர்வைசர்."

"போடா. அவனுக்கு மெஷின ஆன் பண்ணவே தெரியாது. எங்க லைன்ல எவளாவது படிச்சா சிரிச்சிகினே கெடப்பா."

"சரி, பொம்பள. எப்படிம்மா பண்ணுவா?"

"இன்னா பெரிய வேல அது? சூட்டக் கொஞ்சம் கொறச்சா போதும். பாக்க ஒட்டுன மாரியே கீது. போட்டுகினு நாலு வாட்டி குனிஞ்சு நிமிந்தா டேப்பு தூக்கிக்கும்."

வேகமாகக் குறித்துக்கொண்டேன். "செமம்மா. எப்படி இதெல்லாம் யோசிக்கிற?"

"யோசிக்கல நைனா. ஒரு நாள் அப்டி ஆச்சு." மீனிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "மெஷின்ல சூடு எறங்கிடுச்சு, நான் கவனிக்கல. பாதிக் கட்டு போனப்புறம்தான் பாத்தேன். வெளிய வேன் நின்னுகினு இருந்துச்சு. சூப்பர்வைசரு கத்திகினு இருந்தான்."

"நீ சொல்லலையா?"

"சொல்லல. எந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னும் தெரியல." அடுத்த மீனின் தலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். "உன் கதைல அந்த நர்சு செத்துடுதா?"

"இன்னும் முடிவு பண்ணலம்மா" என்றேன். பொய்.

அதன் பிறகு கதை நகரவில்லை. நர்ஸைப் பிழைக்க வைத்தேன். த்ரில்லர் வெறும் காய்ச்சல் கதையாகிவிட்டது. இப்போதைக்கு அவளை ஐசியூவில் படுக்க வைத்திருக்கிறேன். வழக்கமாக இந்த மாதிரிக் கதையில் கொன்றது யார் என்றுதான் தேடுவார்கள். அம்மா தேடுவது செத்தது யார் என்று. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே தெரியாது. ஒன்றும் நடக்காமலேகூட இருந்திருக்கலாம். இது எதுவும் தெரியாமல் இத்தனை வருஷமும் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

கம்பெனியில் அப்போது செக்கிங்கில் இருந்த ஒரு அக்கா இப்போது ஆவடி பக்கம் கோவில்பதாகையில் இருக்கிறார். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றிரண்டை உருவி, தையல் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது அவர் வேலை. அந்தக் கட்டை அவர் நிறுத்தியிருக்கலாம். பார்க்காமலே வேனில் ஏற்றியுமிருக்கலாம். ஏற்றிவிட்டேன் என்று சொன்னால் அம்மாவிடம் வந்து என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. கதை எழுதுகிறேன் என்று ஆரம்பித்தால் அவர் பேசுவாரா, இன்னாருடைய மகன் என்று ஆரம்பித்தால் பேசுவாரா, அதுவும் புரியவில்லை. அம்மாவிடம் சொல்லாமல் இந்த ஞாயிறு ஆவடிக்கு ரயில் ஏறப் போகிறேன். மற்றதை அவர் வீட்டு வாசலில் யோசித்துக்கொள்ள வேண்டும்.