வாயாடி சொன்ன ‘பாத்துக்கலாம்’

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் அந்தச் சலவைக் கூடத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர். குடிதண்ணீர் வரவில்லையா, காற்றாடி ஓடவில்லையா, “ஏம்மா வாயாடி, நீ போய்க் கேளேன்” என்பார்கள். அவளும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய், முதலாளியிடம் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவாள். முதலாளி யோசித்தார். கத்துகிற வாயை நம் பக்கம் இழுத்துக்கொண்டால் நிம்மதி. அவளையே மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார். கெட்டிக்காரர்!

அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒரு சிடுமூஞ்சி. காலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் நின்று, “என்ன கோளாறு?” என்று கேட்டு, பதில் வரும்வரை நகரமாட்டார். எல்லாருக்கும் எரிச்சல். நான் அப்படி உயிரை வாங்கமாட்டேன் என்று வாயாடி முதல் நாளே முடிவு கட்டினாள். நேற்றுவரை தோளில் கைபோட்டுப் பேசியவர்களிடம் திடீரென்று கொம்பு முளைத்த மாதிரி நடந்தால் நன்றாகவா இருக்கும்? சுற்றிவருவதையே விட்டாள். யார் என்ன சொன்னாலும் சிரித்த முகமாய் “பாத்துக்கலாம்” என்றாள். அந்தச் சொல்லில் ஒரு சௌகரியம் உண்டு. யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று அதில் இல்லவே இல்லை.

துணி தேய்க்கும் பெரிய உருளை இயந்திரத்தில் வேலைபார்த்தவள் நெட்டை. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

“ஏய், உருளைக்கு முன்னாடி தடுப்புக் கம்பி இருக்குல்ல, கை பட்டா மெஷின் நிக்கணும். நிக்க மாட்டேங்குதுடி.”

“சரிடி, பாத்துக்கலாம்.”

அப்புறம் யோசிக்கலாம் என்ற அர்த்தத்தில்தான் வாயாடி சொன்னாள். நெட்டையின் காதில் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று விழுந்தது. விழாதா பின்னே? இவள் வாய்விட்டுக் கேட்டு நடக்காத காரியம் அந்தக் கூடத்தில் இருந்ததா? கம்பியைச் சரிசெய்திருப்பார்கள் என்று நம்பி வேலையைப் பார்த்தாள். அந்த வாரமே, சுருண்ட விரிப்போடு அவள் வலது கை கொதிக்கிற உருளைக்குள் போனது. கம்பியில் கை பட்டது. இயந்திரம் நிற்கவில்லை. அலறல் கேட்டு ஓடிவந்து சுவிட்சை அணைத்தவள் வாயாடிதான்.

கை தப்பியது. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. முதலாளி விசாரித்தபோது நெட்டை, “நான்தான் கவனிக்கல சார்” என்று முடித்துவிட்டாள். பாவி, நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருந்தால்கூட வாயாடி கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

அதன்பிறகு பிடித்தது அவளை. துவைக்கும் இயந்திரம் சுற்றினால் அதற்குள்ளிருந்து “நிக்க மாட்டேங்குதுடி” என்று கேட்கும். வீட்டில் மிக்ஸி ஓடினாலும் அதே குரல். சட்டென்று அணைத்துவிட்டு, “இதோ வரேன்டி” என்பாள்.

“யாருகிட்ட பேசற?” என்று புருஷன் பயந்துபோய்க் கேட்பான். அவள் மிக்ஸி ஜாரைக் கழுவப் போய்விடுவாள். பதில் சொன்னால் அழுதுவிடுவாள்.

குரலுக்குப் பயந்துதான் கூடத்தைச் சுற்றிவர ஆரம்பித்தாள், வேறெதற்கும் இல்லை. காலையில் ஒவ்வொரு இயந்திரத்தையும் தானே நிறுத்திப் பார்ப்பாள், தானே ஓட்டிப் பார்ப்பாள். குறை சொன்னால் ‘இப்பவே’ என்பாள், இல்லையென்றால் ‘முடியாது’ என்பாள். நடுவில் ஒரு பேச்சு கிடையாது. தடுப்புக் கம்பியில் கை பட்டால் உருளை இப்போது சட்டென்று நிற்கும். முதலாளி பூரித்துப்போய், “சூப்பர்வைசர்னா இப்படி இருக்கணும், இவங்ககிட்ட கத்துக்குங்க” என்று மற்றக் கூடத்து ஆட்களை அழைத்துவந்து காட்டினார். அவமானத்தில் அவளுக்கு உடம்பு கூசியது.

நெட்டை திரும்பி வந்தாள். மடிப்பு இயந்திரத்தில் உட்காரவைத்தார்கள். இவளிடமிருந்து ஒரு குறை, ஒரு திட்டு, ஏதாவது வந்தால் போதும், அந்தக் குரல் நம்மை விட்டுவிடும் என்று வாயாடி தவித்தாள். தினமும் அங்கேதான் அதிக நேரம் நின்றாள்.

“ஏதாவது கோளாறு இருக்காடி?”

“ஒண்ணுமில்ல.”

தினமும் ஒண்ணுமில்லதான். ஒரு நாள் அந்த இயந்திரத்தின் பெல்ட் கிறீச்சிட்டது வாயிலிலேயே கேட்டது. ஓடிப்போய் நிறுத்தி மூடியைத் திறந்தாள். பெல்ட் நைந்து நூலாய்த் தொங்கியது.

“ஏன்டி சொல்லல?” என்றாள்.

நெட்டை முகத்தில் கோபமே இல்லை. வளைந்த விரல்களால் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“சொல்லிட்டேனே. காலையிலேயே மெக்கானிக் கிட்ட சொல்லிட்டேன். வந்துடுவாரு, நீ போய் மத்தவங்கள கேளு.”